செல்வா நிச்சயம்

கஸ்தூரிக்கு நல்ல குரல். அதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவளே சொல்லிக்கொள்வாள். மலேசியாவின் மாசாய் வட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, பந்தலும் நாற்காலியும் சாப்பாடும் வேண்டுமென்று யார் கூப்பிட்டாலும் அந்தக் குரல்தான் எடுக்கும், குழையும், ஆர்டரை முடித்து வைக்கும். பந்தலை லோரியில் ஏற்றிக்கொண்டு போய், இரும்புக் கால்களை நிறுத்தி, துணியை இழுத்துக் கட்டுவது அவள் கணவர் கமலநாதன். பேசுவது அவள், தூக்குவது அவர். கல்யாணமான நாளிலிருந்து வீட்டிலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த தொழிலுக்குள், இந்தத் தீபாவளிக்கு முன்னால், ஒரு வியாபாரப் பயிற்சி வந்து புகுந்தது. ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல் மண்டபம். கோலாலம்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் காதில் மைக்கை மாட்டிக்கொண்டு மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

"உங்க கஸ்டமருக்குக் கடைசியா எப்ப தேங்க்ஸ் சொன்னீங்க?"

மண்டபமே தலையைக் குனிந்துகொண்டது.

"எல்லாருக்கும் ஒரே மெசேஜத் தட்டி விடாதீங்க. அது நன்றி இல்ல, நோட்டீஸ். பேரச் சொல்லி, உங்க சொந்தக் குரல்ல, ஒவ்வொருத்தருக்கும் தனியா சொல்லணும். அவங்க வீட்டு விசேஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்குன்னு காட்டணும்."

பேர், குரல், ஞாபகம். மூன்றும் தன்னிடம் நிறையவே இருக்கின்றன என்று கஸ்தூரி மார்தட்டிக்கொண்டு வீடு திரும்பினாள்.

அவளுடைய ஞாபகம் என்பது அவளுடைய போன். யாராவது ஆர்டர் கொடுக்கக் கூப்பிட்டால், கூப்பிட்டவர் பேரையும் விசேஷத்தின் பேரையும் ஒட்டுப்போட்டு அப்படியே பதிந்து வைத்துக்கொள்வாள். தேவி வளைகாப்பு. மோகன் காதுகுத்து. அப்பா இறந்ததற்குப் பந்தல் கேட்டுக் கூப்பிட்ட ஐயாசாமி, 'ஐயாசாமி சாவு' ஆனார். மனுஷன் கல்லுக்குண்டு மாதிரி பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருக்கிறார். கஸ்தூரியின் போனில் மட்டும் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒருமுறை கமலநாதன் அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"உயிரோட இருக்குறவரு. பேர மாத்தேன்."

"எனக்குப் புரிஞ்சா போதும்லா" என்றாள்.

ஆனால் அவளை விவரம் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. சாவு வீட்டில் வந்தவரை வாங்க என்று அழைப்பதில்லை, கிளம்புகிறவர் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை, நன்றி என்ற பேச்சே அங்கே எழுவதில்லை. இந்த முறையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மறுநாள் மதியம் நாற்காலி அடுக்குகளுக்கு நடுவே, காற்றாடியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து போனில் குரல் பதிவு செய்யத் தொடங்கியபோது, சாவு, கருமாதி என்று முடிகிற பேர்களையெல்லாம் ஒன்று விடாமல் தாண்டிப் போனாள். தாண்டும்போது தன் புத்திசாலித்தனத்தைத் தானே மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு பேச்சு தயாராக இருந்தது. வளைகாப்புக்காரர்களிடம் பாப்பாவைக் கேட்பாள். வீடு குடிபுகுந்தவர்களிடம் வீட்டைக் கேட்பாள். நிச்சயதார்த்தக்காரர்களுக்கு வைத்திருந்ததுதான் எல்லாவற்றிலும் நீளம், எல்லாவற்றிலும் இனிப்பு. 'செல்வா நிச்சயம்' என்ற பேர் வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது, தொண்டையும் நன்றாகச் சூடேறியிருந்தது.

"வணக்கம் செல்வா தம்பி. கஸ்தூரி பந்தல் கஸ்தூரி பேசுறேன். உங்க வீட்டு விசேஷத்துக்கு எங்களக் கூப்பிட்டதுக்கு ரொம்ப ரொம்ப நன்றி. நாங்க மறக்கல தம்பி. நிச்சயம் நம்ம பந்தல்ல நடந்துச்சு, கல்யாணமும் நம்ம பந்தல்லதான் நடக்கணும். மாப்பிள்ளை கோலத்துல உங்களப் பாக்கணும், அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம். தீபாவளி வாழ்த்துகள்."

முடிவில் ஒரு சின்னச் சிரிப்பு. அது திட்டமிட்டு வந்த சிரிப்பல்ல, தானாக வந்தது. அதனாலேயே அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நன்றாக இருட்டுவதற்குள் பதில்கள் குவிந்தன. கைகூப்பிய படங்கள், பூக்கள், நன்றிக்கா, யூ ஆர் தி பெஸ்ட். மோகன் காதுகுத்து உடனே கூப்பிட்டு, தங்கை கல்யாணத்துக்கு இப்போதே பந்தல் சொல்லி வைத்தார். கஸ்தூரிக்குக் கால் தரையில் பாவவில்லை. பண்டார் தெங்காராவில் பந்தல் பிரித்துவிட்டு, முதுகெல்லாம் உப்புப் பூத்து வந்து உட்கார்ந்த கமலநாதனிடம் தேநீரை நீட்டிவிட்டு, போனையும் நீட்டினாள்.

"சாவு வீட்டுக்கெல்லாம் அனுப்பலயே?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

"நான் என்ன பைத்தியமா? எல்லாத்தையும் தாண்டிட்டேன். இந்தா, இதக் கேளுங்க. இதுதான் அழகா வந்துச்சு."

அவர் கேட்டார். சிரிப்பு வரைக்கும் கேட்டார்.

"இது யாருக்கு?"

"செல்வா நிச்சயம். மாசாய்தான். மார்ச்சுல மழையில பந்தல் ஆடுச்சே, அந்த வீடு."

கமலநாதன் கோப்பையைத் தரையில் வைத்தார்.

"நிச்சயம் அவனுக்கு இல்ல கஸ்தூரி. அவன் அக்காவுக்கு. அவன் போன் பண்ணிச் சொன்னவன், மழையில எங்கூட பந்தல் கால பிடிச்சிக்கிட்டு நின்னானே, அந்தப் பையன்." பிறகு மெதுவாக, "அவன் செத்துட்டான். மே மாசம், சிங்கப்பூர் வேல முடிஞ்சு மோட்டார் சைக்கிள்ல வந்தப்ப, ஹைவேல. நான்தான் போயி பந்தல் போட்டேன். உங்கிட்ட சொன்னேனே."

சொன்னார்தான். இப்போது ஞாபகம் வந்தது. மறுநாள் ஒரு பெரிய கல்யாணம் இருந்தது, அவள் காதில் போன் இருந்தது. "ஐயோ பாவம்" என்றாள், உடனே போனில் பாயசத்தைப் பற்றி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அன்றைக்குக் கணவரோடு எதற்கோ சண்டை போட்டதும் மங்கலாக நினைவிருந்தது. சாவுக்குப் பந்தல் கேட்டுக் கூப்பிட்டவர் அந்தப் பையனின் மாமா. 'காளிதாஸ் சாவு' என்று பதிந்திருந்தாள். இன்று மதியம் காளிதாஸை அத்தனை பத்திரமாகத் தாண்டிப் போய், செத்தவனையே பேர் சொல்லிக் கூப்பிட்டு, மாப்பிள்ளையாக வரச் சொல்லியிருக்கிறாள்.

முகமும் வந்தது. அதுதான் அவளை அடித்துப் போட்டது. நிச்சயதார்த்தத்தன்று காற்றும் மழையும் சுழன்றடித்து பந்தலின் ஒரு கால் தரையை விட்டுக் கிளம்பியபோது, வீட்டுக்குள்ளிருந்து பட்டு ஜிப்பாவோடு ஒரு பையன் ஓடி வந்தான். கமலநாதனோடு சேர்ந்து அந்த இரும்புக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தலை முதல் கால் வரை நனைந்தபடி சிரித்தான். "ஆண்டி, இது பறந்தா நானும் சேந்து பறந்துருவேன், எங்கம்மாகிட்ட சொல்லிருங்க" என்று கத்தினான். அன்று அந்தப் பந்தல் நின்றது அவனால்தான். சோற்றுப் பானைகளோடு ஒதுங்கி நின்ற கஸ்தூரியும் சிரித்தாள். அவன் பேரைக் கேட்கத் தோன்றவில்லை. ஒரு வார்த்தை நன்றி சொல்லவும் தோன்றவில்லை. முகம் மனசில் ஒரு பக்கம் கிடந்தது, பேர் போனில் ஒரு பக்கம் கிடந்தது. இரண்டும் ஒரே ஆள் என்று அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

போனை வாங்கிப் பார்த்தாள். அவள் அனுப்பியதன் பக்கத்தில் மைக் படம் நீலமாகியிருந்தது. யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"அழிச்சிறவா?"

"கேட்டாச்சே. இனிமே எத அழிக்கப் போற?"

உடம்பெல்லாம் கூசியது அவளுக்கு. தோலை உரித்துப் போட்டுவிட்டு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. அந்தச் சிரிப்பு. அந்த வீட்டில் யார் காதிலோ அந்தச் சிரிப்பும் விழுந்திருக்குமே என்று நினைத்து நினைத்துக் குமைந்தாள். நம்பரைத் தடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. இந்த ஊரில் பந்தல் போட்டுப் பிழைக்கிறவள் எத்தனை வீட்டு வாசலைச் சுற்றிக்கொண்டு போவாள்? அதையும்விட, கேட்டது அந்தப் பையனைப் பெற்றவளாக இருந்தால்?

"காலையில போவோம்" என்றார் கமலநாதன்.

"நீங்க பேசுறீங்களா?"

"பேசுறது உன் வேல."

குத்திக் காட்டச் சொன்னதல்ல அது, அவருக்கு அப்படிப் பேச வராது. ஆனாலும் குத்தியது.

காலையில் லோரியிலேயே போனார்கள். அதன் கதவில் 'உங்கள் இல்ல மகிழ்ச்சியில் நாங்கள்' என்று பொன்னெழுத்தில் எழுதி, பக்கத்தில் கஸ்தூரி பல் தெரியச் சிரிக்கும் படமும் போட்டிருக்கும். அதை அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம் என்று சந்து முனையிலேயே இறங்கிக்கொண்டாள். கையில் என்ன கொண்டுபோவது என்று இரவெல்லாம் யோசித்து, பலகாரம் கூடாது, பழமும் சரியாகப் படவில்லை என்று வெறுங்கையாகவே வந்திருந்தாள். ஆனால் நாக்கில் ஒரு பொய்யைப் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்தாள். மெஷின் தானாக அனுப்பிவிட்டது, எல்லா நம்பருக்கும் ஒன்றாகப் போய்விட்டது. வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வரிசை வீடுகளில் மற்ற வீடுகள் தீபாவளிக்குச் சாயம் பூசி, சர விளக்குத் தொங்கவிட்டிருந்தன. அந்த ஒரு வீடு மட்டும் சும்மா இருந்தது. கேட்டுக்கு வெளியே நின்று, "அக்கா" என்று கூப்பிட்டாள்.

தொழிற்சாலைச் சீருடையோடு ஒரு பெண் வெளியே வந்தாள். இரவு ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும். செல்வாவின் அம்மா, மலர். நிச்சயதார்த்தத்தன்று பார்த்த ஆள்தான், பாதியாகியிருந்தாள்.

"பந்தல் கஸ்தூரிதானே? குரலக் கேட்டதுமே தெரிஞ்சிருச்சு" என்று கேட்டைத் திறந்தாள்.

கூடத்தில் பையனின் படம் மாட்டியிருந்தது. படத்துக்குக் கீழே ஒரு சின்ன மேசை, விளக்கு, பக்கத்தில் சார்ஜில் போட்டபடி ஒரு போன். கஸ்தூரி அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"அக்கா, நேத்து வந்தது... அது நான் வேணும்னு அனுப்பல. மெஷினு தானா எல்லா நம்பருக்கும்..."

"பேரச் சொன்னீங்களேம்மா."

மலர் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு பிழையைச் சுட்டிக் காட்டுவது போலத்தான் சொன்னாள். கஸ்தூரியின் முகம் தீப்பட்டது போல் எரிந்தது. வாயில் இன்னும் பாதிப் பொய் மிச்சமிருந்தது. அதை விழுங்கினாள்.

"அவன் போன நான் நிறுத்தல" என்றாள் மலர். "மாசாமாசம் கட்டிக்கிட்டு வரேன். கூட்டாளிங்கல்லாம் மொதல்ல எதாவது அனுப்புவாங்க, அப்புறம் நின்னுபோச்சு. நேத்து திடீர்னு சத்தம் கேட்டுச்சு. அடுப்புல இருந்து ஓடி வந்தேன். செல்வா தம்பின்னு ஒரு குரல். சரி, அவன் போனது தெரியாத யாரோன்னு நெனச்சேன். அப்புறந்தான் நீங்க எந்தப் பந்தல்னு சொன்னீங்க."

கஸ்தூரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை கோலத்துல பாக்கணும்னு சொன்னீங்க. பாத்தோம்மா. கல்யாணம் ஆகாத புள்ள, அப்படித்தான் அனுப்பி வைக்கணும்னு பெரியவங்க சொன்னாங்க. பட்டு வேட்டி. அக்கா நிச்சயத்துக்குப் போட்டானே, மழையில நனஞ்ச ஜிப்பா, அதையே தேச்சுப் போட்டோம். மால. எல்லாம் பாத்தோம். உங்க பந்தல்லதான்."

"மன்னிச்சிருங்கக்கா" என்றாள் கஸ்தூரி. சொன்னதும் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆர்டர் எடுக்கும்போது குழையுமே, அதே குழைவு. அதே ஏற்ற இறக்கம். அழுகையைக்கூட அது பதமாக வார்த்துக் கொடுத்தது. வேறு குரல் அவளிடம் இல்லை.

"எனக்கு நீங்கன்னு தெரியல... தம்பின்னு தெரியல. அன்னைக்கு மழையில கால பிடிச்சிக்கிட்டு நின்னது தம்பிதான்னு எனக்கு நேத்துதான்..."

"அவன்தான்" என்றாள் மலர். முதல் முறையாக அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. "ராத்திரி முழுக்க அதையே சொல்லிச் சிரிச்சான். நான் இல்லன்னா அக்கா நிச்சயப் பந்தலு சிங்கப்பூர்ல போயி விழுந்திருக்கும்னு."

சுவருக்கு அந்தப்பக்கம் பிள்ளைகள் பட்டாசு கேட்டு அடம்பிடிக்கும் சத்தம் வந்தது. மலர் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

"அவன் அக்கா ரூபினி கல்யாணத்தத் தள்ளி வச்சிருக்கோம்" என்றாள்.

கல்யாணம் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், கஸ்தூரியின் மனம் வெட்கமில்லாமல் எந்த மாதம் என்று கேட்கப் பார்த்தது. அந்த நொடியில் அவள் தன்னையே வெறுத்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"அதுக்கு வேற ஆளப் பாக்குறோம்மா. கோவிச்சுக்காதீங்க. அந்தப் பந்தல மறுபடியும் வாசல்ல என்னால பாக்க முடியாது." சொல்லிவிட்டு மலர் கொஞ்சம் தயங்கினாள். "ஆனா உங்க வீட்டுக்காரருகிட்ட நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கே சொல்லியிருக்கணும். சாவு வீட்டுல சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அதான் மனசுலயே கெடக்கு."

கஸ்தூரி நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு வேற பந்தல் இல்லையோ என்னவோ, அக்கா நிச்சயத்துக்குப் போட்ட அதே பந்தலத்தான் கொண்டாந்தாரு. சுத்தி தங்க ஜரிகத் தொங்கல் வச்சது. போட்டு முடிச்சதும் அவரு வாசல்ல நின்னு பாத்தாரு. அப்புறம் ஏணிய எடுத்து வச்சு, ஏறி, அந்தத் தொங்கல கொக்கி கொக்கியா கழட்டினாரு. யாரும் அவரக் கேக்கல. அங்க யாரு அதையெல்லாம் பாக்குற நெலமையில இருந்தாங்க? நான் சன்னல் வழியா பாத்துக்கிட்டிருந்தேன். எம்புள்ளய கண்ணாடிப் பெட்டியில வச்சு இன்னும் வீட்டுக்குக் கொண்டு வரல, நான் அந்த மனுஷன் கையையே பாத்துக்கிட்டிருந்தேன். முழுசா கழட்டி, வெள்ளத் துணி மட்டும் விட்டாரு. அதுக்கு அவருக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க."

கஸ்தூரிக்கு அந்த நாள் இப்போது முழுசாக ஞாபகம் வந்தது. அன்று அவள் எதற்குச் சண்டை போட்டாள் என்பதும் வந்தது. லோரியில் சுருட்டிக் கிடந்த தொங்கலைப் பார்த்துத்தான் அவள் கத்தினாள். யாரைக் கேட்டுக் கழட்டினீங்க, நாளைக்குப் பெரிய கல்யாணத்துக்கு மறுபடியும் யார் ஏறி மாட்டுவது, கொக்கியெல்லாம் வளைந்து போயிருக்கிறது, உங்களுக்குக் கொஞ்சமாவது தொழில் தெரியுமா என்று அக்கம்பக்கம் கேட்கப் பேசினாள். கமலநாதன் பொழுது விடியுமுன் தானே போய் ஏணி போட்டு மாட்டிவிட்டு வந்தார். அந்த மனிதனைப் பார்த்து, தொழில் தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். ஊரெல்லாம் பேர் சொல்லி நன்றி அனுப்பியவள், அவர் எதற்காக ஏறினார், எதற்காகக் கழட்டினார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் கைப்பை அதிர்ந்தது. நேற்று அனுப்பியதற்கு இன்னும் யாரோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். எடுத்து அணைத்தாள்.

எழுந்து நின்றாள். வரேன்கா என்று சொல்ல நாக்கு தானாகவே கிளம்பியது. நல்லவேளை, பிடித்து நிறுத்திக்கொண்டாள். ஒன்றும் சொல்லாமல் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள், பேரும் முகமும் இப்போது ஒன்றாகத் தெரிந்தன. மலர் கேட் வரைக்கும் வந்தாள், அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

சந்து முனையில் லோரி நின்றது. கதவிலிருந்த அவள் படம் அவளைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தது. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அந்தக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். கமலநாதன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி காத்திருந்தார். விரல்களில் துருவும் பழைய கீறல்களும் இருந்தன. இத்தனை வருஷத்தில் அந்தக் கையை அவள் இப்படிப் பார்த்ததில்லை.

"ரொம்பத் திட்டுனாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"பின்ன என்ன சொன்னாங்க?"

"உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

"எனக்கா?" அவர் நிஜமாகவே திகைத்தார். "நான் என்ன செஞ்சேன்?"

சொல்வதற்குக் கஸ்தூரி வாயைத் திறந்தாள். அந்த நல்ல குரல் வரவில்லை.